மூணாம் பட்டாளத்துப் பூட்டையா: நெல்லைச் சீமையில் நான்கு நாட்கள்

முதல் நாள், பாளையங்கோட்டை

நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் சந்திப்பு நிலையத்தில் இறக்கிவிட்டபோது ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு துணிப்பையும், அதற்குள் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த தாள்கள் அடங்கிய ஒரு கோப்பும் மட்டுமே. என் தந்தையின் தந்தைக்குத் தந்தை, எங்கள் வீட்டில் பூட்டையா என்று சொல்லப்படுபவர், முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தார். அவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மூன்று செய்திகள்தாம் மிஞ்சியிருந்தன. அவர் 'மூணாம் பட்டாளத்தில்' இருந்தார். கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைக்குப் போனார். அங்கே தேனீக்குப் பயந்து ஓடிவந்தார். மூன்றாவது செய்தியைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஊரில் அவருக்குத் 'தேனீப் பட்டாளத்தார்' என்ற பட்டப்பெயரே இருந்ததாம். இந்த மூன்றும் எவ்வளவு மெய் என்று ஆவணங்களைக் கொண்டு கண்டறிவதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்கு நடந்தே போக விரும்பினேன். 1843-இல் சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டிய பாலத்தின்மேல் நின்று தாமிரபரணியைச் சற்று நேரம் பார்த்தேன். விடுப்பில் ஊருக்கு வந்து திரும்பிய சிப்பாய்கள் எல்லோரும் இந்தப் பாலத்தைக் கடந்துதான் ரயிலைப் பிடித்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னைச் சற்று நிறுத்திவைத்தது.

தேடலின் தொடக்கத்தில் நான் செய்த பிழையை இங்கே எழுதிவைப்பது, இதே வேலையில் இறங்கியிருக்கும் பிறருக்கு உதவும். 'மூணாம் பட்டாளம்' என்ற சொல்லை நம்பி, மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு ஓராண்டுக்கும் மேலாக அலைந்தேன். ஆனால் அந்தப் பெயர் 1922-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் உண்டானது. எங்கள் பூட்டையாவோ 1919-க்குள் ஊர் திரும்பிவிட்டவர். காலம் பொருந்தவில்லை. பிறகுதான், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள டாங்காவில் சண்டையிட்ட வெள்ளைக்காரப் படைப்பிரிவு ஒன்றின் அருங்காட்சியகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில், ஆவணக் காப்பாளர் ஒரே வரியில் முடிச்சை அவிழ்த்துவிட்டார்: மதராஸ் படையின் எண்களோடு அறுபதைக் கூட்டிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

1903-இல், படைத்தலைவராக இருந்த கிச்சனர் பிரபு இந்தியப் படைகள் அனைத்தையும் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களின் பழைய எண்ணோடு அறுபது சேர்க்கப்பட்டது. பழைய பதின்மூன்றாம் பட்டாளம் எழுபத்து மூன்றாயிற்று. பழைய மூன்றாம் பட்டாளம் அறுபத்து மூன்றாயிற்று. அந்த அறுபத்து மூன்றாம் பட்டாளத்தின் முழுப் பெயர் '63-ஆவது பாளம்கோட்டா லைட் இன்பேன்ட்ரி'. ஆங்கிலேயர் நாவில் பாளையங்கோட்டை அப்படித்தான் உருண்டது. ஆணை மாறிப் பதினைந்து ஆண்டுகள் கடந்தும், சிப்பாய்களும் அவர்கள் வீட்டாரும் தங்கள் பட்டாளத்தைப் பழைய எண்ணாலேயே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் பிழையே இல்லை. காதால் கேட்ட எண்ணை அச்சில் தேடிய நான்தான் தவறாகப் படித்தேன்.

1759-இல் 'கோஸ்ட் சிப்பாய்கள்' என்ற பெயரில் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய பட்டாளங்களில் ஒன்றே பின்னாளில் இந்த ஊரின் பெயரைச் சுமந்தது. மாலையில் பழைய கோட்டையின் மிச்சங்களைப் பார்க்கப் போனேன். வாசலும் சில சுவர்த் துண்டுகளுமே எஞ்சியுள்ளன. சுற்றிலும் கடைகளும் ஆட்டோக்களும். 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பித்ததும் இதே பாளையங்கோட்டையில்தான். பாஞ்சாலங்குறிச்சியை எதிர்த்து நின்றவை மதராஸ் படையின் சிப்பாய்ப் பட்டாளங்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சீமையில் பிறந்து, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கம்பெனிப் படையின் வழிவந்த ஒரு பட்டாளத்தில் என் முன்னோர் ஒருவர் சம்பளம் வாங்கினார் என்பதை ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. இன்றும் முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், மழை பொய்த்தால் பனையும் கைவிடும் நாட்டில், மாதம் தவறாமல் வரும் சம்பளம் ஒரு வீட்டுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை உணராமல் அவரைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள், பாளையங்கோட்டை

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலையில் அரசு அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தேன். பிற்பகலில் ஓர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தும், பழைய பதிவேடுகள் இருக்கும் அறையின் சாவி அன்று கிடைக்காது என்ற பதிலே கிடைத்தது. விடுதிக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்து, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளிலிருந்து எடுத்த நகல்களை மீண்டும் படித்தேன்.

போர் நாட்குறிப்பு என்பது ஒவ்வொரு படைப்பிரிவும் களத்தில் அன்றாடம் எழுதிவைத்த பதிவு. இடம், நாள், நேரம், நிகழ்ச்சிச் சுருக்கம் எனப் பத்திகள் அச்சிட்ட படிவத்தில், பெரும்பாலும் அஜுடன்ட் என்னும் அதிகாரி எழுதுவார். அதில் வெள்ளைக்கார அதிகாரிகள் பெயரோடு வருவார்கள். சுபேதார், ஜமேதார் சிலர் எப்போதாவது பெயரோடு வருவார்கள். நாயக்கும் சிப்பாயும் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள்: இத்தனை பேர் செத்தார்கள், இத்தனை பேர் காயம்பட்டார்கள், இத்தனை பேரைக் காணவில்லை. போரில் இறந்தவருக்காவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஓர் இடம் உண்டு. உயிரோடு திரும்பியவருக்கு அதுவும் இல்லை. எங்கள் பூட்டையா உயிரோடு திரும்பியதனாலேயே தாள்களில் தொலைந்துபோனார். ஆகவே அவரைத் தேட வேண்டிய இடம் லண்டன் அன்று. நாங்குநேரிப் பக்கம் உள்ள எங்கள் ஊர்தான்.

மூன்றாம் நாள், ஊர்

நாங்குநேரியில் இறங்கி, அங்கிருந்து சிற்றுந்தில் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. பனங்காடு மட்டும் அப்படியே இருந்தது. எண்பத்திரண்டு வயதான என் அத்தை திண்ணையிலேயே காத்திருந்தார். பூட்டையாவின் பேத்திகளில் இன்று உயிரோடு இருப்பவர் இவர் ஒருவரே. பூட்டையா இறந்தபோது அத்தைக்குப் பதினைந்து வயது.

"வா மக்கா. அவியளத் தேடி இவ்வளவு தூரம் வந்தியாக்கும். இருந்தப்போ யாரும் ஒரு வார்த்த கேக்கல்ல," என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம் இருந்தது.

கருப்பட்டிக் காப்பி குடித்து முடித்ததும், அடுக்களைப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். பழைய வேதாகமம், பத்திரங்கள், உடைந்த மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கு அடியில், துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு நட்சத்திரப் பதக்கம் இருந்தது. நான்கு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம்; நடுவே குறுக்கிட்ட இரு வாள்கள்; அவற்றின் மேல் ஓடும் பட்டையில் '1914-15'. 1915 டிசம்பர் முடிவதற்குள் போர்க்களம் ஒன்றில் கால்வைத்தவர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கம் இது. அதன் பின்புறம் வெறுமையாக இருக்கும். அங்கேதான் பெற்றவரின் எண்ணும் தரமும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்படும்.

பின்புறம் பாசி படிந்தாற்போலக் கறுத்திருந்தது. புளி போட்டுத் துலக்கித் தரட்டுமா என்று அத்தை கேட்டபோது பதறிப்போய் வேண்டாம் என்றேன். துலக்கினால் எழுத்து தேயும். எனக்குக் கடிதம் எழுதிய அந்தப் படைப்பிரிவு அருங்காட்சியகக் காப்பாளர் சொல்லித்தந்தபடி, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பதக்கத்துக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தேன். பள்ளமான எழுத்துகளில் நிழல் விழுந்தது. முதலில் நான்கு இலக்க எண் தெரிந்தது. அடுத்துச் சிப்பாய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதற்கடுத்து அவர் பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி, ஓர் எழுத்து கூடியும் ஓர் எழுத்து குறைந்தும். கடைசியில் '63' என்ற எண்ணும் பாளம்கோட்டாவும். கை நடுங்கியதால் விளக்கை அத்தையிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் முறை படித்தேன். இதுவரை ஊகமாக இருந்ததெல்லாம் உறுதியாயிற்று.

இந்த எண்ணின் மதிப்பைச் சொல்லியாக வேண்டும். படை ஆவணங்களில் சிப்பாயின் பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்; ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். எண் அப்படி மாறாது. எண்ணும் பட்டாளமும் சேர்ந்தால் அவர் ஒரே ஒருவர். முன்னோரைத் தேடுகிறவர்கள் பெயரைத் துரத்துவதைவிட முதலில் பதக்கத்தின் விளிம்பையும் பின்புறத்தையும் பார்ப்பது நல்லது.

போரில் இருந்தவர்களுக்கு நட்சத்திரத்தோடு வெள்ளிப் பதக்கம் ஒன்றும், வெற்றிப் பதக்கம் என்ற வெண்கலப் பதக்கம் ஒன்றும் வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். அத்தை உடனே சொன்னார்: "வெள்ளியில ஒண்ணு இருந்திருக்கு. வட்டமா, ஒரு பக்கம் ராசா தல, மறுபக்கம் குதிர மேல ஒருத்தன், மேல துணியில்லாம. அத ஆசாரிட்ட குடுத்து உருக்கித்தான் பெரியத்தைக்குக் கொலுசு போட்டாவன்னு எங்க பாட்டி சொல்லுவாவ."

ஜார்ஜ் மன்னரின் தலையும், ஆடையின்றிக் குதிரைமேல் அமர்ந்த வீரனும் பொறித்த வெள்ளி வட்டம் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்தான். வேறொன்றாக இருக்க முடியாது. அத்தை அதைக் கண்ணால் கண்டவர் அல்லர். பாட்டி சொன்னதை எழுபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்திருக்கிறார். வெள்ளிக்கு விலை இருந்ததால் அது கொலுசாயிற்று. வெண்கலத்துக்கு விலை இல்லாததால் நட்சத்திரம் பெட்டியில் தங்கியது. வெற்றிப் பதக்கம் என்ன ஆயிற்று என்பது அத்தைக்கும் நினைவில்லை. பதக்கத்தை உருக்கியதற்காக எனக்கு வருத்தமே இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். போரிலிருந்து வந்த வெள்ளி ஒரு சிறுமியின் காலில் ஒலித்தது என்றால், அதைவிட நல்ல இடம் அதற்கு வாய்த்திருக்காது.

இரவில், எண்ணைக் குறிப்பிட்டு அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுப் படுத்தேன். காற்று விடியும்வரை ஓட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள், கோயிலும் கல்லறைத் தோட்டமும்

காலை ஏழு மணிக்கே கோயிலுக்குப் போனோம். சேகர குருவானவர் முன்பே அனுமதி தந்திருந்ததால், உபதேசியார் பழைய பதிவேடுகளை மேசையில் எடுத்து வைத்திருந்தார். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் தங்கள் முன்னோரைத் தேட இதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றோடு தகப்பனின் தொழிலுக்கும் ஒரு பத்தி உண்டு. செல்லரித்த ஓரங்களை உபதேசியார் ஒரு மயிலிறகால் தள்ளித் தள்ளிப் புரட்டிக் காட்டினார்.

1913-ஆம் ஆண்டுப் பக்கத்தில் பெரியத்தையின் பெயர் இருந்தது, கொலுசு போட்டுக்கொண்ட அதே பிள்ளை. தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'சிப்பாய்' என்று இருந்தது. அடுத்த பிள்ளை என் பாட்டையா. 1920-ஆம் ஆண்டுப் பக்கம். தகப்பன் தொழில் 'பனைத் தொழில்'. இரண்டு பதிவுகளுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் இந்த வீட்டில் பிள்ளை எதுவும் பிறக்கவில்லை. போரைப் பற்றி அந்தப் பதிவேட்டில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் எனக்கு அந்த இடைவெளியைவிடத் தெளிவான போர் ஆவணம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. இரு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை உபதேசியார் அவசரப்படுத்தாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். பூட்டையாவின் கல்லறை சுண்ணாம்பு பூசிய சிறு திண்டு. பெயரும் இறந்த ஆண்டும் மட்டும். பட்டாளத்தைப் பற்றி எதுவும் இல்லை. அத்தை நிழலில் உட்கார்ந்துகொண்டு, "கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு இப்பமாவது சொல்லு," என்றார். நான் கோப்பைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து அந்தப் படை கப்பலேறியது. ஏறக்குறைய எட்டாயிரம் பேர்; தலைவர் ஜெனரல் எய்ட்கன். பெங்களூர் பிரிகேட் என்ற பகுதியில் லாயல் நார்த் லங்காஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நம் அறுபத்து மூன்றாம் பட்டாளமும், 98-ஆம் பட்டாளமும், 101-ஆம் கிரெனேடியர்களும் இருந்தன. கடலையே கண்டறியாத பலர் இரண்டு வாரத்துக்கும் மேல் நெருக்கமான கப்பல் அடித்தட்டுகளில் வாந்தியெடுத்துக் கிடந்தார்கள். சில பட்டாளங்களுக்குப் புதுவகைத் துப்பாக்கி கையில் வந்ததே புறப்படும் தறுவாயில்தான். இந்தப் பட்டாளங்கள் ஒன்றாக நின்று பயிற்சி செய்தவையும் அல்ல. இன்றைய தான்சானியாவின் கரையில், அன்று ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்தைப் பிடிப்பதே திட்டம். நவம்பர் 2 அன்று 'பாக்ஸ்' என்ற போர்க்கப்பலின் தளபதி முன்னதாகவே கரைக்குப் போய் அறிவிப்புக் கொடுத்ததால், எதிரிக்குத் தற்காத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. லெட்டோவ்-வோர்பெக் என்ற ஜெர்மானியத் தளபதி ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து குவித்தார். அவரிடம் இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவுதான்.

நவம்பர் 4 அன்று நண்பகலுக்குப் பிறகு, தென்னையும் ரப்பரும் அடர்ந்த தோட்டங்களுக்கும் ஆளுயரப் பயிருக்கும் இடையே, முன்னால் என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்து வராமலே, வெயிலில் அவர்களை நடத்திப் போனார்கள். மெஷின்கன்கள் மறைவிலிருந்து சுட்டன. அறுபத்து மூன்றாம் பட்டாளம் கலைந்தது. பலர் கடற்கரையை நோக்கி ஓடினார்கள். இதை நான் மறைக்கவில்லை, அத்தையிடமும் மறைக்கவில்லை. ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சில எழுத்துகளில் ஏளனமும் உண்டு. கூடவே சொல்ல வேண்டியவை, அதாவது கப்பல் பயணமும், பழகாத துப்பாக்கியும், வேவு பார்க்காத தலைமையும், அந்த நாட்டை அறிந்த ஆப்பிரிக்கப் படையினரின் உதவியை எய்ட்கன் வேண்டாம் என்று ஒதுக்கியதும், அந்த ஏளன வரிகளுக்குப் பக்கத்தில் எழுதப்படவில்லை. மறுநாள் மீதிப் பேரைக் கப்பலேற்றியபோது, பதினாறு மெஷின்கன்களும் ஆறு லட்சம் தோட்டாக்களும் கரையிலேயே விடப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். தோல்விச் செய்தியை இங்கிலாந்து அரசு தன் மக்களிடமே மாதக்கணக்கில் மறைத்துவைத்தது.

"தேனீ?" என்று அத்தை கேட்டார்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த நகல்களில், அன்று களத்தில் இருந்த ஓர் அதிகாரி பின்னர் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தத் தோட்டங்களில் மரக்கட்டைகளைக் குடைந்து தேன்கூடுகளாக மரங்களில் தொங்கவிட்டிருந்தார்கள். சுடும் சத்தத்தாலும் துளைத்த குண்டுகளாலும் கலைந்த ஆப்பிரிக்கத் தேனீக்கள் கூட்டங்கூட்டமாக இறங்கின. துப்பாக்கியைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடியவர்களும், உடம்பெல்லாம் கொட்டுப்பட்டு விழுந்தவர்களும் அன்று அநேகர். ஜெர்மானியர் பக்கத்திலும் ஒரு கம்பெனியின் மெஷின்கன்கள் தேனீக்களால் செயலிழந்தன என்று லெட்டோவ்-வோர்பெக்கே எழுதியிருக்கிறார். எதிரி வேண்டுமென்றே கயிறு கட்டித் தேனீயை ஏவினான் என்று அக்காலத்தில் இங்கிலாந்தில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையன்று, தேனீக்கள் இருபுறத்தாரையும் கொட்டின. டாங்காச் சண்டைக்குத் 'தேனீச் சண்டை' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பூட்டையா வயதான காலத்தில் பனையேறப் போன இடத்தில் கூடு கண்டால் இறங்கிவந்துவிடுவார் என்றும், பிள்ளைகள் அவர் பின்னால் நின்றுகொண்டு வாயால் 'ரீ' என்று இரைந்து கேலி செய்வார்கள் என்றும், தாமும் அப்படிச் செய்ததுண்டு என்றும் சொன்னார். அவர் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டாராம்.

"கத கட்டுறாவன்னுதான் எல்லாரும் நெனச்சோம், மக்கா."

உபதேசியார் ஒரு குடம் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டுவந்தார். திண்டின் மேல் கிடந்த சருகைத் தள்ளிக் கழுவினோம். பதக்கத்தில் உள்ளபடி எண்ணும், பட்டாளத்தின் பெயரும், டாங்கா, 1914 என்பதும் அமையச் சிறு கல் ஒன்று பதிக்கலாமா என்று குருவானவரிடம் கேட்க வேண்டும் என்று அத்தையே சொன்னார். எண்ணுக்கு முன்னால் 'மூணாம் பட்டாளம்' என்றும் போட வேண்டுமாம். அவர் அப்படித்தானே சொன்னார் என்றார்.

கிளம்ப எழுந்தபோது என் கையிலிருந்த தாளைக் காட்டி, "அந்தத் தேனீ இருக்குற இடத்த மட்டும் இன்னொரு தடவ வாசி. கொஞ்சம் சத்தமா," என்றார். கல்லறைப் பக்கம் திரும்பி நின்று வாசித்தேன்.